சாணி வண்டு சொன்ன நேரம்

மண்புழுவுக்கு நம்ம பத்திரிகையில் எத்தனையோ பக்கம் கொடுத்திருக்கிறோம். சாணி வண்டுக்கு ஒரு பக்கம்கூடக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்றுதான் 2024 ஐப்பசியில் படம் எடுக்கக் கிளம்பினேன். கேமரா என்றால் பெரிசா ஒன்றும் இல்லீங்க. கைபேசி லென்ஸ் மேல் கிளிப் மாதிரி மாட்டுகிற சின்ன பூதக்கண்ணாடிதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வைத்து அசுவினியின் காலைக்கூட எண்ணலாம்.

வண்டைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்தப் படம் எடுக்கப் போன இடத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பாடம் முழுசாகும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வண்டுக்கு வருவேன்.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு ஓசூர்–ராயக்கோட்டை சாலைப் பக்கம் மூன்றரை ஏக்கர் வாங்கினேன். சானமாவு காப்புக்காடு எங்களுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். ராத்திரி மாடியில் நின்றால் ஒரு பக்கம் கம்பெனி விளக்குகள் வரிசையாகத் தெரியும், மறுபக்கம் காடு கும்மிருட்டாக இருக்கும். விடியற்காலை ஷிஃப்ட் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போகும். ஒன்றரை ஏக்கரில் ராகி, மிச்சத்தில் மா, காய்கறி, இரண்டு ஆலம்பாடி மாடு. ராகிக்குள் எட்டு வரிசைக்கு ஒரு வரிசை அவரை, ஓரத்தில் ஆமணக்கு. கர்நாடகப் பக்கம் இதை ‘அக்கடி சாலு’ என்பார்கள். எங்க ஊர்ப் பெரியவங்க இதைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் கலந்து சொல்வாங்க. எனக்கு இன்னும் பாதி புரியாது.

யானை விஷயம் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிது இல்லை. வெளி மாவட்ட வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ராகி கதிர் பிடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளில் இருந்து யானைகள் கூட்டமாகக் கிளம்பும். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்க்கம், அப்புறம் எங்க சானமாவு. சில கூட்டம் பேரண்டப்பள்ளி பக்கம் தேசிய நெடுஞ்சாலையைத் தாண்டி சூளகிரி வரைக்கும் போகும். பகல் முழுக்கக் காட்டுக்குள் நிற்கும், பொழுது சாய்ந்ததும் வயலில் இறங்கும், வெளிச்சம் வருவதற்குள் திரும்பிவிடும். மாசி, பங்குனி வரை இந்தக் கதைதான். தமிழக அரசு 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தையும் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தையும் அறிவித்தது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,190 சதுர கிலோமீட்டர். ஆனால் யானைக்கு அந்தக் கோடு தெரியாது. ராகி வாசம்தான் தெரியும்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

பூச்சிகளைக் கிட்டத்தில் படம் எடுக்க விடியற்காலைதான் நல்ல நேரம். குளிரில் உடம்பு விறைத்து, இறக்கையில் பனி கோத்து, தட்டான்கூட அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் ஒன்றும் நிற்காது. இந்த பூதக்கண்ணாடி லென்ஸுக்கு மூன்று, நாலு சென்டிமீட்டர் தூரத்துக்குள் போகணும். அந்த தூரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும், மற்றதெல்லாம் கலங்கல். அதனால் தரையில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கித்தான் எடுக்க முடியும். கவனியுங்கள். பூச்சி அசையாமல் இருக்கிற அதே நேரம்தான் யானை வயலில் இருந்து காட்டுக்குத் திரும்புகிற நேரமும். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். முந்தின நாள் சாயங்காலம் வனத்துறையின் வாட்ஸ்அப் செய்தியும் வந்திருந்தது: சானமாவு காட்டில் யானைகள் இருக்கின்றன, தனியாக வெளியே போக வேண்டாம். படித்தேன். விடிந்துவிட்டால் போயிருக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

ஆறரை மணிக்கு ஆமணக்கு வரிசைக்கு இந்தப் பக்கம், வண்டிப் பாதையில் யானை லத்தி கிடந்தது. ஐந்தாறு உருண்டை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாட்டுச் சாணியில் எடுத்த படங்கள் ஏற்கெனவே கையில் இருந்தன. யானை லத்தியில் வரும் வண்டு கிடைத்தால் கட்டுரைக்கு எவ்வளவு நல்லது! ராத்திரி வந்து போன யானை போட்டது என்று நினைத்துக்கொண்டு துண்டை விரித்துப் படுத்துவிட்டேன்.

முதலில் ஈ மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மிளகு அளவில் ஒரு கறுப்பு வண்டு ரீங்காரத்தோடு பறந்து வந்து லத்தி மேல் ‘தொப்’பென்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று. ஆண் வண்டுக்குத் தலையில் கொம்பு உண்டு. அந்தக் கொம்பைப் பக்கவாட்டில் தெளிவாக எடுக்கணும் என்று கைபேசியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் ‘பட், பட், பட்’ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ எதையோ அடிக்கிறாங்க என்று விட்டுவிட்டேன். கோயில் யானைக்குப் பக்கத்தில் போனால் வருமே, அந்த மாதிரி ஒரு நெடியும் அடித்தது. லத்தியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறவன் அதைப் பற்றி வேறு என்ன நினைப்பான்?

“மேனேஜர் சார்.”

குரல் ரொம்ப மெதுவாக வந்தது. பக்கத்துத் தோட்டத்து அம்மா, சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவங்க, வரப்பு மேல் நின்றாங்க. பால் கேனைச் சத்தம் வராமல் தரையில் வைத்து, அதன் மேல் முந்தானையைப் போட்டிருந்தாங்க. “ஏனுகு” என்று தெலுங்கில் உதட்டை மட்டும் அசைத்தாங்க. யானை. அப்புறம் தமிழில், “எந்திரிச்சு ஓடாதீங்க சார். குனிஞ்ச மேனிக்கு மெள்ளப் பின்னாடி வாங்க. என்னைப் பாத்துக்கிட்டே வாங்க.”

நான் அவங்களைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஆமணக்கு இலை இடுக்கில், முப்பது முப்பத்தைந்து அடி தூரத்தில், எங்கள் ராகிக்குள் அது நின்றது. ஒற்றை ஆண் யானை. துதிக்கையால் ஒரு பிடி ராகியை வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் ‘பட், பட்’ என்று தட்டி மண்ணை உதறி, வாயில் வைத்தது. நான் கேட்ட சத்தம் அதுதான். நம்ம பெண்கள் கீரைக்கட்டை உதறுவாங்களே, அந்தப் பொறுமையோடு செய்தது.

எப்படிப் பின்னால் வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அரை மணி நேரம் குப்புறப் படுத்ததில் இடது கால் மரத்துப் போயிருந்தது. தவழ்ந்தேன் என்று சொல்வதே சரி. துண்டும் செருப்பும் அங்கேயே கிடந்தன. காற்று யானைப் பக்கமிருந்து என் பக்கம் வீசியது. அதனால்தான் அதன் நெடி எனக்கு வந்ததும், என் வாசம் அதற்குப் போகாமல் இருந்ததும். யானைக்குக் கண் பார்வை சுமார்தான், மோப்பம் பயங்கரம். காற்று திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். மோட்டார் ரூமுக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது. அந்த அம்மா பால் நேரம் போய்விட்டதே என்று கவலைப்பட்டாங்க. ஏழேகால் வாக்கில் யானை தானாகவே கிளம்பி, அவசரமே இல்லாமல், காட்டைப் பார்த்து நடந்தது.

எட்டு மணிக்கு வனத்துறை ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர், இருபத்தைந்து வயது இருக்கும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “படத்தைக் காட்டுங்க சார்” என்றார். வண்டுக் கொம்பைப் பெருமையாகக் காட்டினேன். அவர் கொம்பைப் பார்க்கவே இல்லை.

“முத படம் எத்தனை மணிக்கு சார்?”

“ஆறு நாற்பத்தொன்று.”

“லத்தி ஈரம் மினுக்குது. ஈ மட்டும்தான் இருக்கு. வண்டு ஒண்ணுகூட இல்லை. அடுத்தது?”

“ஆறு ஐம்பத்திரண்டு. மூணு வண்டு.”

“அடுத்தது?”

“ஆறு ஐம்பத்தெட்டு. பதினொண்ணு.”

“அப்ப லத்தி போட்டு அரை மணி நேரம்கூட ஆகலை சார். யானை போயிருச்சுன்னு எப்படி நினைச்சீங்க? பூச்சி இப்பத்தான் வந்துட்டிருக்கு, பாருங்க.”

முப்பத்து நாலு வருஷம் கையெழுத்துச் சரிபார்த்த கை இது. காசோலையில் ஒரு சுழி மாறினால் பிடித்துவிடுவேன். என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக வந்து இறங்கிய வண்டுகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆறு ஐம்பத்தெட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வண்டுக்குப் பின்னால் ஆமணக்குப் பச்சைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கலங்கலாக ஒரு திட்டு தெரிகிறது. எடுக்கும்போது பாறை என்று நினைத்தேன். எங்கள் ராகி வயலில் பாறை கிடையாது.

அந்தத் தம்பி எனக்கு எடுத்த பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். காட்டோரம் விவசாயம் பண்ணுகிற எல்லோருக்கும் இது வேண்டும். புது லத்தியின் மேல்தோல் ஈரமாகப் பளபளக்கும், புறங்கையை வைத்தால் உள்ளே சூடு தெரியும். ஈ உடனே வரும். பகல் வெளிச்சமும் கொஞ்சம் வெப்பமும் இருந்தால் சிறு வண்டுகள் சில நிமிஷங்களில் வர ஆரம்பிக்கும். நேரம் ஆக ஆக மேல் பக்கம் காய்ந்து நிறம் கறுக்கும், அடியில் மண் தள்ளிய குமிழ்கள் தெரியும், உருண்டை உதிர ஆரம்பிக்கும். ஆனால் ஒன்று: வண்டு இல்லை என்பதால் லத்தி பழசு என்றோ புதுசு என்றோ முடிவு கட்டக் கூடாது. நல்ல குளிரிலும் கோடையின் வறட்சியிலும் வண்டு அவ்வளவாக வராது. மழை பெய்தால் பழைய லத்தியும் பளபளக்கும். வண்டு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் மட்டும் சந்தேகம் வேண்டாம். லத்தி புதுசு, போட்டவர் பக்கத்தில்தான் இருக்கிறார்.

காலடியையும் அவர் அளந்து காட்டினார். முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளந்து, அந்த நீளத்தை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். எங்கள் வயலில் தடத்தின் சுற்றளவு நாலரை அடி. ஒன்பது அடி உயர யானைக்கு முப்பது அடி தள்ளிப் படுத்துக்கொண்டு நான் வண்டு பார்த்திருக்கிறேன்!

சரி, வண்டுக்கு வருவோம். கட்டுரை அதற்குத்தானே.

சாணி வண்டுகளை அவை செய்கிற வேலையை வைத்து மூன்று வகையாகச் சொல்வார்கள். சாணிக்குள்ளேயே குடியிருந்து அங்கேயே முட்டையிடுபவை ஒரு வகை. சாணிக்கு நேர் கீழே குழி பறித்துச் சாணியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் புதைப்பவை இன்னொரு வகை. உருண்டை பிடித்துப் பின்னங்காலால் உருட்டிக்கொண்டு போய்த் தள்ளி ஓரிடத்தில் புதைப்பவை மூன்றாவது. நமக்கெல்லாம் உருட்டுகிற வண்டுதான் தெரியும். சின்ன வயதில் அதன் பின்னாலேயே போயிருப்போம். ஆப்பிரிக்காவில் ராத்திரி உருட்டுகிற ஒரு வகை, வானத்தில் பால்வீதியைப் பார்த்து நேர்கோட்டில் போகிறது என்று 2013இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் மண்ணுக்கு அதிக வேலை செய்வது குழி பறிக்கிற வகைதான். நான் படம் எடுத்த கொம்பு வண்டும் அந்தச் சாதி.

அந்தக் கொம்பு அழகுக்கு இல்லை. குழி வாசலில் நின்று இன்னொரு ஆண் வண்டு உள்ளே வராமல் மல்லுக்கட்டத்தான். ஐரோப்பாவில் உள்ள ஒரு கொம்பு வண்டு தன் எடையைப் போல 1,141 மடங்கு இழுத்ததாக 2010இல் அளந்திருக்கிறார்கள். இதில் கொம்பே முளைக்காத சிறு ஆண்களும் உண்டு. அவை சண்டைக்குப் போகாது. பக்கத்தில் ஒரு கிளைக்குழி பறித்து, காவல் நிற்கிறவனுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும். வங்கியில் இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யானை ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ வரை தீனி தின்னும். அதில் பாதிகூடச் செரிக்காது. மிச்சம் நாரும் விதையுமாக வெளியே வந்துவிடும். அதனால்தான் வண்டுகளுக்கு அது கல்யாண விருந்து. கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவில் 1970களில் செய்த ஓர் ஆய்வில், ஒன்றரைக் கிலோ யானைச் சாணத்துக்கு இரண்டு மணி நேரத்தில் 16,000 வண்டுகள் வந்து அதை ஒன்றுமில்லாமல் ஆக்கின. நம் நாட்டிலும் யானைச் சாணத்தைச் சார்ந்தே வாழ்கிற பெரிய வண்டு ஒன்று உண்டு. ஹீலியோகாப்ரிஸ் டாமினஸ் என்று பெயர். நெருப்புப்பெட்டி நீளம் இருக்கும். பூமிக்கடியில் கிரிக்கெட் பந்து அளவுக்கு உருண்டை பிடித்து வைத்து அதற்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகி வெளியே வரும். நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க ஆசை இருக்கிறது, இந்தத் தடவை மோட்டார் ரூம் பக்கத்தில் என்றால் நல்லது.

நமக்கு இதில் என்ன லாபம்? வண்டு சாணியைப் புதைக்கும்போது அதிலுள்ள தழைச்சத்து வெயிலில் ஆவியாகிப் போகாமல் வேர் இருக்கிற ஆழத்துக்குப் போகிறது. அது பறித்த குழி வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஈக்கும் மாட்டின் குடற்புழுவுக்கும் இனம் பெருக்க இடம் இல்லாமல் போகிறது. வண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1788இல் வெள்ளைக்காரர்கள் அங்கே மாட்டைக் கொண்டுபோனார்கள். அந்த ஊர் வண்டுகளுக்குக் கங்காருவின் காய்ந்த புழுக்கைதான் பழக்கம். கொழகொழவென்ற மாட்டுச் சாணியை அவை பெரும்பாலும் தொடவில்லை. சாணி மாதக்கணக்கில் மேய்ச்சல் நிலத்தில் அப்படியே கிடந்தது, புல் செத்தது, ஈ பெருகியது. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியல் அறிஞரின் யோசனைப்படி, 1965இல் இருந்து இருபது வருஷம் ஆப்பிரிக்காவில் இருந்தும் ஐரோப்பாவில் இருந்தும் வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. வண்டு இங்கேயே இருக்கிறது. நாம் கொல்லாமல் இருந்தால் போதும்.

எப்படிக் கொல்கிறோம்? இரண்டு விதமாக. முதலாவது, குடற்புழு மருந்து. ஐவர்மெக்டின் வகை மருந்து மாட்டின் உடம்பில் இருந்து பெரும்பகுதி சாணி வழியாகத்தான் வெளியே வருகிறது. ஊசி போட்ட பிறகு சில வாரம் அந்தச் சாணியில் இடுகிற வண்டு முட்டைகள், புழுக்கள் பிழைப்பது கஷ்டம். ரசாயன உரம் போடவில்லை, பூச்சிமருந்து தெளிக்கவில்லை என்று மார் தட்டுகிற நாமே ஊசி வழியாக வயலுக்குள் பூச்சிமருந்தைக் கொண்டுவந்து விடுகிறோம். நானும் இரண்டு வருஷம் இதைச் செய்தேன், தெரியாமல். மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கன்றுக்கு வயிறு உப்பி ரோமம் சிலிர்த்து நிற்கும்போது மருந்து கொடுத்துத்தான் ஆகணும். நாள்காட்டியைப் பார்த்து எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் போடாமல், சாணி மாதிரியைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதித்து, தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும் போடலாம். சாணியில் அதிக நாள் தங்காத மருந்து வேறு இருக்கிறதா என்று டாக்டரிடமே கேளுங்கள். மருந்து போட்ட மாட்டைச் சில வாரம் கொட்டகையிலேயே கட்டி, அந்தச் சாணியைத் தனியாக எருக்குழியில் போடுங்கள்.

இரண்டாவதைச் சொன்னால் நம்ம ஆட்களில் சிலருக்குக் கோபம் வரும். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மூடாக்கு என்று தோட்டத்தில் ஒரு பொட்டுச் சாணி விடாமல் வழித்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அப்புறம் வண்டு எதைத் தின்னும்? மேய்ச்சலில் விழுகிற சாணியில் பத்தில் இரண்டையாவது விழுந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ட்ரம்மில் கரைத்துத்தான் மண்ணுக்குக் கொடுக்கணும் என்று சட்டம் இல்லை. வண்டு கரைக்காமலே கொடுக்கும்.

ராகிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். யானை தின்றது கொஞ்சம், மிதித்தது அதிகம். கால் ஏக்கர் போனது. தோராயமாக இரண்டு குவிண்டால். அந்த வருஷத்து ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய் என்று வைத்தால் 8,580 ரூபாய் நஷ்டம். இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது தேதியும் நேரமும் பதிவான படங்கள் உதவின. படம் எடுத்ததில் அந்த ஒரு பிரயோஜனம். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, சமாளித்துவிட்டேன். ராகியை மட்டுமே நம்பி இருக்கிறவருக்கு இந்தத் தொகை பெரிய அடி. அதை லேசாகப் பேச எனக்கு உரிமை இல்லை.

அந்த வாரமே ஒருத்தர் வந்து, “ஒரு கம்பியை இழுத்து மெயின்ல குடுத்துடுங்க சார், ராத்திரி மட்டும்தானே” என்று யோசனை சொன்னார். எங்கள் பக்கத்து மாவட்டத்தில், தருமபுரி மாரண்டஅள்ளி பக்கம், 2023 மார்ச்சில் வயலில் திருட்டுத்தனமாக இழுத்த மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் செத்தன. இரண்டு குட்டிகள் பிழைத்து அங்கேயே சுற்றி நின்றன. அந்தப் படங்களை நானும் செய்தியில் பார்த்தேன். அந்தக் கம்பியில் விடிகாலையில் பால் கேனோடு வருகிற அம்மாவும் மாட்டலாம், துண்டு விரித்துப் படுக்கிற கிழவனும் மாட்டலாம். முறையான சூரிய மின்வேலி வேறு விஷயம். விட்டுவிட்டு வருகிற லேசான அதிர்ச்சிதான் அதில் உண்டு. அதற்கும் 2023இல் அரசு விதிகள் வந்திருக்கின்றன. வனத்துறையில் பதிந்துதான் போடணும்.

இப்போது என் பழக்கம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஐப்பசி முதல் மாசி வரை ஏழரைக்கு முன்னால் வயலுக்குப் போவதில்லை. போனாலும் ஆள் துணையோடுதான். படுப்பதற்கு முன் ஒரு பிடி தூசியைத் தூவிக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன். இரண்டு படத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்குகிறேன். மூடாக்குப் பக்கம் முழங்கை ஊன்றுவதற்கு முன் கம்பால் கிளறிவிடுகிறேன், கண்ணாடி விரியனும் எலியைத் தேடி அங்கேதான் வரும். வெயில் ஏறினால் பூச்சி பறந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். பறக்கட்டும். சாணி வண்டு எங்கும் போகாது, வெயில் வந்த பிறகுதான் அதற்கே வேலை.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். யானை லத்தியில் வேண்டாம், உங்க மாட்டுச் சாணியில் போதும். காலை எட்டு மணிக்கு விழுந்த சாணிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒருமுறை போய் எத்தனை வண்டு என்று எண்ணுங்கள். மறுநாள் சாணியைப் புரட்டி அடியில் எத்தனை துளை, எவ்வளவு மண் மேலே வந்திருக்கிறது என்று பாருங்கள். துளையே இல்லை என்றால் கடைசியாக எந்தத் தேதியில் குடற்புழு மருந்து போட்டீர்கள் என்று யோசியுங்கள். மழை பெய்ததா, மாடு எந்த இனம், என்ன மேய்ந்தது, மருந்து போட்ட தேதி எல்லாம் சேர்த்து ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். பட்டியல் போட்டு மாவட்டவாரியாகக் கூட்டிக் கழிக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அது எனக்குப் பழகின வேலைதான்.